இன்னொரு துளசிராமன் விற்ற மனை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் கேட்டில் உட்கார்ந்து, வந்துபோகும் லாரிகளின் நம்பரை எழுதிக்கொண்டிருந்த துளசிராமனுக்கு இடது கையில் கட்டைவிரல் கிடையாது. இரண்டாயிரத்து ஒன்றில் போனது. அதற்கு முன்பு அவன் உள்ளே உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தான். பழுக்கக் காய்ந்த கம்பி ரோலரை விட்டு வெளியே வரும்போது நீண்ட இடுக்கியால் பிடித்து அடுத்த ரோலருக்குள் திருப்பிவிட வேண்டும். அன்றைக்கு ஒரு கம்பி முறுக்கிக்கொண்டு எகிறியது. கூட வேலை செய்த யேசுதாஸ்தான் தன் துண்டை அவிழ்த்து அவன் கையைச் சுற்றினான். விரலைத் தேடிப் பார்க்கவே இல்லை. அந்தச் சூட்டில் என்ன மிச்சமிருக்கும்?

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், இன்ஸ்பெக்டர் என்று ஆகிவிடும் என்று மில்காரர்கள் வேனில் தூக்கிப்போட்டு ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மானேஜர் ஆப்பிள் பையோடு வந்தார். கையில் ஒரு காகிதமும் இருந்தது. வீட்டில் விறகு பிளக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்து போட்டுட்டா துட்டும் குடுப்போம், கேட்டுல உக்கார்ற மாதிரி வேலையும் குடுப்போம் துளசி. போடலன்னா கேஸு நடத்திக்கினு கெடக்க வேண்டியதுதான்."

துளசிராமன் வலது கையால் கையெழுத்துப் போட்டான். அவன் அப்பா, அவன் நைனா என்று கூப்பிட்ட அந்த மனுஷர், தடா பக்கத்திலிருந்து கூலிக்கு வந்து ஆரம்பாக்கத்தில் வாடகைக் குடிசையிலேயே செத்தவர். விரலுக்கு வந்த பணத்தை என்ன செய்வது என்று துளசிராமனும் அவன் மனைவி கோவிந்தம்மாவும் யோசிக்கவே இல்லை. மனைதான்.

அப்போது பொன்னேரியைச் சுற்றி நெல் வயல்களில் கலர் கொடிகள் நட ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் வாசலில் வேன் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் மனையைக் காட்டிவிட்டு பிரியாணிப் பொட்டலம் கொடுத்துத் திருப்பி விடுவார்கள். அவர்கள் வாங்கியது அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கோவிந்தம்மா தாலிச் சரடைத் தவிர மற்றதைக் கழற்றிக் கொடுத்தாள். பத்திரம் பதிந்த அன்று அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் விற்றவரிடம் மட்டும்தான் கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். வாங்குகிறவன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். துளசிராமனுக்கு அது நிம்மதியாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் அந்தக் கையை எடுத்து நீட்ட அவனுக்கு இஷ்டமில்லை.

வீடு கட்டக் கையில் காசில்லை. பட்டா மாற்றுவதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சிப்காட் பக்கத்து லைன் வீட்டில் காலையில் பெருக்கினால் மத்தியானம் இரும்புத் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். அதைப் பெருக்கும்போதெல்லாம் கோவிந்தம்மா, "இன்னும் எத்தினி நாளைக்கு" என்பாள். அவர்கள் மகள் துர்காதேவி அந்த மனையில் எந்தப் பக்கம் சமையல்கட்டு, எந்தப் பக்கம் வாசல் என்று நோட்டில் படம் போட்டுப் போட்டு அழிப்பாள்.

இரண்டாயிரத்து ஆறு பொங்கல் விடுமுறையில், புல் மண்டியிருக்கும், வெட்டிவிட்டு வரலாம் என்று துளசிராமன் மட்டும் கிளம்பிப் போனான். புல் ஏற்கெனவே வெட்டியிருந்தது. மனையில் கடைக்கால் தோண்டி, கருங்கல் இறக்கி வைத்திருந்தார்கள். இரண்டு கொத்தனார்கள் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட, தாடி நரைத்த ஒரு மனிதர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மண்ணில் நின்றிருந்தார்.

"யாரு வோணும்?" என்று அவர் கேட்டார்.

"இது என்னோட மனைங்க."

"இல்லியே. நான் போன வருஷம் கிரயம் பண்ணது. பத்திரம் இருக்குது."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"துளசிராமன்னு ஒருத்தரு. மில்லுல வேலை பாக்குறவரு."

"நான்தாங்க துளசிராமன்."

அந்த மனிதர் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார். பிறகு எதிரில் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தார். "நீங்க இல்ல," என்றார் மெதுவாக. "அவரு நல்ல உசரம். செவப்பு. நீங்க அவரு இல்ல."

அவர் பெயர் சஹாபுதீன். பழவேற்காட்டில் கருவாடு, காய்ந்த இறால் வியாபாரம். சுனாமி வந்துபோன பிறகு அவர் மனைவி ஜாஹிதாவுக்குத் தண்ணீர் சத்தம் கேட்டாலே தூக்கம் வரவில்லை. ஏரியும் வேண்டாம் கடலும் வேண்டாம், எங்கேயாவது மண்ணில் கொண்டுபோய் வையுங்கள் என்று அழுதாள். அவர் குடோனை விற்று இந்த மனையை வாங்கினார். இரண்டாவது மகள் அஃப்ஸானாவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், பொன்னேரியில் வீடு எழும்புகிறது என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

இதையெல்லாம் அந்தக் கருங்கல் குவியல் மேல் உட்கார்ந்து அவரே சொன்னார். கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அசல் பத்திரம் கேக்கலியா பாய் நீங்க?"

"கேட்டேன். பஸ்ஸுல தொலஞ்சு போச்சுன்னு போலீஸ் குடுத்த சீட்டு காட்டினாங்க. ஆபீஸ்ல எடுத்த நகல் இருந்துச்சு. சீல் எல்லாம் கரெக்டா இருந்துச்சு. புரோக்கர் பக்கத்துலயே நின்னாரு. நான் இன்னாத்த பாக்குறது?"

விடுமுறை முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகவே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஒருவன் கையில் அசல் பத்திரம், இன்னொருவர் கையில் அதற்குப் பிறகு பதிந்த பத்திரம். சார்பதிவாளர் ஒரு பெண். கூட்டத்துக்கு நடுவிலும் பொறுமையாக இரண்டையும் பிரித்துப் பார்த்தார். சஹாபுதீனின் பத்திரத்தில் துளசிராமன், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் சரியாக இருந்தன. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் ஓர் இடது கட்டைவிரல் ரேகை. கோடு கோடாக, ஒன்றுகூடக் கலையாமல் பதிந்திருந்தது.

துளசிராமன் இடது கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அப்படி அவன் யார் முன்னாலும் வைத்ததில்லை.

சார்பதிவாளர் கையையும் ரேகையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்திலிருந்த கிளார்க்கும் எழுந்து வந்து பார்த்தார்.

"எனக்குப் புரியுதுங்க," என்றார் அந்த அம்மா. "ஆனா ஒரு தடவ பதிவாயிட்டா அத ரத்து பண்ற அதிகாரம் எனக்குக் கெடையாது. நான் வர்றதுக்கு முன்னாடி நடந்த பதிவு இது. இருந்தாலும் அதே பதில்தான். சிவில் கோர்ட்டுக்குப் போய் தீர்ப்பு வாங்கினு வாங்க."

"கண்ணுக்கு முன்னாடி இருக்குதே மேடம்."

"இருக்குதுங்க. நான் பாக்குறதுக்கும் கோர்ட்டு பாக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

வெளியே வந்து சஹாபுதீன்தான் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் புரோக்கரின் போன் அணைந்து கிடந்தது. அவன் சொன்ன விலாசத்தில் வேறு குடித்தனம் இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் செத்துப் போயிருந்தார். இன்னொருவர், அலுவலக வாசலில் நிற்கிற யாருக்கும் கையெழுத்துப் போடுகிறவர், தனக்கு எந்த முகமும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆளைக் கண்டுபிடித்தால் சொல்லுங்கள் என்று இவர்களிடமே சொல்லி அனுப்பினார்கள்.

வக்கீல் பரணிதரன் கும்மிடிப்பூண்டிக்காரர், அதிகம் வாங்காதவர் என்று மில்லில் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சஹாபுதீன்தான் முதல் பிரதிவாதி," என்றார்.

"அவரு ஒண்ணும் பண்ணலியே சார். அவரும் ஏமாந்தவருதான்."

"பத்திரம் அவர் பேருல இருக்குதே? அவர் மேல போடாம வேற யார் மேல போடுவ? அந்த இன்னொரு துளசிராமன் மேலயா?"

அப்படித்தான் வழக்கு ஆரம்பித்தது. முதல் வாய்தாவுக்கு சஹாபுதீன் கோவிந்தம்மாவுக்கென்று வாளைக் கருவாடு கட்டி எடுத்து வந்தார். கோர்ட்டு வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டபோது சேர்ந்தே எழுந்து உள்ளே போனார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் இருவருமே நினைத்தார்கள்.

பல மாதங்கள் கழித்து சஹாபுதீன் தரப்புப் பதிலுரை வந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் பரணிதரன் தமிழில் படித்துச் சொன்னார். வாதி துளசிராமனே நேரில் வந்து பத்திரம் எழுதிக் கொடுத்தார். இப்போது நிலத்தின் விலை ஏறிவிட்டதால் பேராசைப்பட்டுப் பொய் வழக்குப் போட்டிருக்கிறார். அவருடைய கட்டைவிரல் பத்திரம் பதிந்த பிறகு போயிருக்கலாம்.

துளசிராமன் வக்கீல் எங்கோ தப்பாகப் படித்துவிட்டார் என்று நினைத்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

அடுத்த வாய்தாவில் அவன் நேராகப் போய் சஹாபுதீன் எதிரில் நின்றான். "நீங்களே சொன்னீங்களே பாய். மொத நாளே சொன்னீங்களே, நான் அவரு இல்லன்னு."

சஹாபுதீன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வக்கீல் அப்பிடித்தான் எழுதணும்னாரு. வேற மாதிரி எழுதினா அன்னிக்கே முடிஞ்சு போயிடும், நடுத்தெருவுல நிப்பேன்னாரு. குடோன வித்துட்டேன் துளசி. பொண்ணு கேட்டவங்களும் போயிட்டாங்க. நான் இன்னா பண்றது?"

"அதுக்கு நான் பேராசக்காரனா?"

அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

விரல் எப்போது போனது என்று நிரூபிக்க வேண்டும் என்றார் பரணிதரன். துளசிராமன் மானேஜரிடம் போய் நின்றான். "சார், நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டேனே, வெறகு பொளக்கும்போது வெட்டிக்கினேன்னு. அதக் குடுங்க சார், போதும். அதுல தேதி இருக்கும். மில்லுல அடிபட்டுச்சுன்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன்."

"எந்தப் பேப்பர்?" என்றார் மானேஜர்.

"நீங்கதான் சார் கொண்டாந்தீங்க. ஆப்பிள் வாங்கினு வந்தீங்களே."

"அப்பிடி ஒண்ணும் இங்க கெடையாது துளசி. கோர்ட்டு கீர்ட்டுன்னு மில்லு பேர இழுத்தினா, கேட்டுல உக்கார வேற ஆள் வெச்சுக்குவேன். பாத்துக்கோ."

கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. டாக்டர் நெல்லூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். யேசுதாஸ் சாட்சி சொல்ல வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னான். சாட்சிப் பட்டியலில் அவன் பெயர் ஏறியது. ஒரு வாரத்தில் அவனே வீடு தேடி வந்தான். உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

"மானேஜர் கூப்ட்டு பேசினாரு துளசி. எனக்கு ஷிப்ட் கட் பண்ணிருவாங்களாம். ஊட்ல ஒடம்பு செரியில்லாதவ இருக்கா. தப்பா நெனைக்காத."

துளசிராமன், "சரி, போ" என்றான். யேசுதாஸ் போகாமல் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றான். திட்டினால் தேவலை என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டான்.

துர்காதேவி ப்ளஸ் டூ முடித்தாள். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். மனையின் ஓர் ஓரத்தையாவது விற்றால் சேர்த்துவிடலாம் என்று முன்பு பேசிவைத்திருந்தார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற யாரும் வாங்க மாட்டார்கள். அதில் துளசிராமன் வாங்கியதற்குக் கீழே துளசிராமன் விற்றதும் இருந்தது. விடிகாலையில் வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் செல்போன் கம்பெனி பஸ்ஸில் துர்காதேவி போக ஆரம்பித்தாள். அவள் அழுததையோ சண்டை போட்டதையோ யாரும் பார்க்கவில்லை. சமையல்கட்டு வரைந்த நோட்டு மட்டும் ஒருநாள் பழைய பேப்பர்காரனிடம் போனது.

இரண்டாயிரத்து எட்டு மழைக்காலத்தில் ஒரு வாய்தா. ஜட்ஜ் லீவு என்று எல்லோரும் கலைந்தார்கள். துளசிராமன் டீக்கடையில் நனைந்துபோய் நின்றிருந்தபோது சஹாபுதீன் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"துளசி," என்றார். "அடுத்து என்னையக் கூண்டுல ஏத்துவாங்க."

"ஆமா."

"நான் உள்ளதச் சொல்லிடப் போறேன். இவரு இல்ல அவரு, வேற ஆளுன்னு. அல்லா மேல சத்தியம் பண்ணிட்டு நான் எப்பிடிப் பொய் சொல்றது? மூணு வருஷமா தொழுகையில நிக்கும்போது உன் கைதான் கண்ணுக்கு முன்னால வந்துக்கினு இருக்குது."

"சொன்னா எடம் போயிடும் பாய்."

"போவும்."

"ஊட்ல சொல்லிட்டீங்களா?"

"ஜாஹிதாவாண்ட இன்னும் சொல்லல. சொல்லணும். எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியல." அவர் டீயைக் குடிக்காமலே கிளாஸை வைத்தார். "நீ என்னைய மன்னிக்கணும்னு கேக்கல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

அன்று வீட்டுக்கு வந்து துளசிராமன் கோவிந்தம்மாவிடம் சொன்னான். அவள் வெகுநாட்களுக்குப் பிறகு அன்று கேசரி கிண்டினாள்.

அடுத்த வாய்தாவில் பெயர் கூப்பிட்டபோது சஹாபுதீன் வரவில்லை. அவருடைய வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டி, முதல் பிரதிவாதி இறந்துவிட்டார் என்று சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார். துளசிராமன் வராந்தாவில் நின்றபடி அதைக் கேட்டான். அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. மாரடைப்பாம். மார்க்கெட்டில் இறால் மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டாராம்.

பரணிதரன் அவனைத் தனியே அழைத்துப் போனார். "அவரோட வாரிசுங்க எல்லாரையும் வழக்குல சேக்கணும். பேரு, வயசு, விலாசம் வேணும். மூணு மாசத்துக்குள்ள மனு போடலன்னா அவர் மட்டுக்கும் கேஸு அத்துப் போயிடும். அவர் இல்லன்னா இந்த கேஸுல ஒண்ணும் இல்ல. புரியுதா?"

"நான் எங்க போயி சார் கேப்பேன்?"

"துக்கம் விசாரிக்கப் போற மாதிரி போ. பேச்சுவாக்குல கேட்டுக்கினு வா."

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ்ஸில் அவன் போனான். ஊருக்குள் நுழையும்போதே ரோட்டோரம் இறால் காயப்போட்ட நாற்றம் அடித்தது. சஹாபுதீன் பாய் வீடு என்றதும் ஒரு பையன் கொண்டுபோய் விட்டான். முன்னறையில் பாய் விரித்திருந்தது. புருஷன் செத்த பிறகு நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் ஜாஹிதா இருந்தாள். அந்த நாட்களில் வேற்று ஆண்களுக்கு முகம் காட்டக் கூடாது. உள்ளறைக் கதவில் ஒரு துப்பட்டியைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னாலிருந்து பேசினாள். மகள் அஃப்ஸானா டீ கொண்டுவந்து வைத்தாள். துர்காதேவி வயதுதான் இருக்கும்.

"எந்த ஊருல இருந்து வர்றீங்க?" என்று கேட்டது உள்ளேயிருந்து வந்த குரல்.

"பொன்னேரி கோர்ட்டுல பாய்கூட ஒக்காந்துக்கினு இருப்பேங்க."

"ஓ, நீங்களா? சொல்வாரு. கோர்ட்டுல ஒரு நல்ல மனுஷன் பழக்கம்னு சொல்வாரு. உங்களுக்கும் கேஸா?"

"ஆமாங்க. எனக்கும் ஒரு மனை கேஸு."

"இந்தக் கேஸுதான் அவர தின்னுடுச்சு," என்று ஜாஹிதா அழ ஆரம்பித்தாள். "கும்மிடிப்பூண்டிக்காரன் ஒருத்தனாம். வித்துட்டுத் திரும்பக் கேக்குறானாம். எங்க வவுத்துல அடிச்சான். எனக்குப் பொட்டப் புள்ளைங்க ரெண்டு. மூத்தவ இர்பானாவக் குடுத்த எடத்துலயும் செரியில்ல. இவளக் கேக்க ஆளில்ல. அந்த மண்ணு ஒண்ணுதான் எங்களுக்குன்னு இருக்குது. அவன் நல்லா இருப்பானா?"

டீ டம்ளர் துளசிராமன் கையில் இருந்தது. அஃப்ஸானா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அவனுடைய கையைப் பார்த்தாளா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் வலது கையால்தான் டம்ளரைப் பிடித்திருந்தான்.

"வாப்பா கடைசியில எதாச்சும் சொன்னாராங்க, கேஸப் பத்தி?" என்று அவளைக் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலீங்க. பேசணும்னு அம்மாவக் கூப்ட்டுக்கினே இருந்தாரு ரெண்டு மூணு நாளா. அம்மா வர்றதுக்குள்ள பேச்ச மாத்திடுவாரு."

துளசிராமன் டீயைக் குடித்து முடித்தான். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. மூன்று பெயர்களும் அவனுக்குத் தெரிந்துவிட்டன, வீடும் தெரிந்துவிட்டது.

பரணிதரன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லு" என்றபோது, "தெரியல சார்" என்றான்.

"போனியா இல்லியா?"

"போனேன். கேக்க முடியல."

அவர் இன்னும் இரண்டு தடவை ஆளனுப்பினார். மூன்று மாதம் கழிந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மனு போடலாம், இப்போதும் வழி இருக்கிறது என்று கடைசியாக ஒரு தடவை சொன்னார். துளசிராமன் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்த அம்மா மேல் இரக்கம் என்று சொல்ல முடியாது. அவள் சாபம் கொடுத்தபோது அவனுக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் இத்தாவில் இருக்கிறவள் கையில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற கோர்ட்டு அமீனாவோடு தன் பெயரும் போகும் என்று நினைத்தபோது அந்தப் பெயர்கள் அவன் வாயில் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு என்றே நாள் போய்விட்டது.

கேஸ் அற்றுப்போனது கோவிந்தம்மாவுக்கு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. கேன்டீனிலிருந்து ஈரப் புடவையோடு நேராக மில் கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"அவளுக்குப் பாவம் பாத்த. எனக்கு யாரு பாக்குறது? என் நகைய அவுத்துக் குடுத்தேனே, அது மண்ணா? உன் விரலு மண்ணா? நம்ம பொண்ணு விடிகாலையில எழுந்து ஓடுதே, அத நெனைச்சியா? ஒரு பேரு சொல்ல வாயில்லாம போச்சா உனக்கு?"

லாரி டிரைவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். துளசிராமன் தலையைக் குனிந்தபடி நின்றான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அதற்குப் பிறகு வீட்டில் சோறு வைப்பாள், துணி துவைப்பாள், பேச மாட்டாள். துர்காதேவி இருவருக்கும் நடுவில் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு வருஷம் வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வாசலில் புர்கா போட்ட ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். துளசிராமன் பின்னால் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தான். குரலைக் கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான்.

"அன்னிக்கு வந்தவரு அவருதான்னு எங்களுக்குத் தெரியாது யம்மா," என்றாள் ஜாஹிதா. "கட்டவெரலு இல்லாதவருன்னு வக்கீல் ஆபீஸ்ல சொன்னப்பதான் தெரிஞ்சுது, இவ அன்னிக்கு அந்தக் கையப் பாத்திருக்கா. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"உள்ள வந்து ஒக்காருங்க," என்றாள் கோவிந்தம்மா. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜாஹிதா வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரு கம்பெனிக்காரன் குடோன் கட்ட அந்த மனைகளை எல்லாம் மொத்தமாக வாங்குகிறான். இவர்கள் மனைக்கும் விலை சொன்னான். ஆனால் அதன் மேல் கேஸ் நடந்தது தெரிந்து, அந்தத் துளசிராமன் வந்து, நான்தான் விற்றேன், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவேன் என்கிறான். "இல்லன்னா நம்ம மனைய மட்டும் உட்டுட்டு சுத்தி சொவரு எழுப்பிடுவாங்களாம் யம்மா. அப்புறம் போறதுக்கு வழியே இருக்காது. உங்களுக்கும் ஒரு பங்கு குடுத்துடுறோம்."

கோவிந்தம்மா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு சொன்னாரா, எங்க ஊட்டுக்காரரு விக்கலன்னு?"

ஜாஹிதா மகளைப் பார்த்தாள். "எங்களுக்கு அவரு ஒண்ணும் சொல்லல."

"அவரு சொல்றேன்னு சொல்லியிருந்தாரு. கூண்டுல ஏறி சொல்றேன்னு. எங்க ஊட்டுக்காரரு அத நம்பினாரு. விக்கலன்னு சொல்லித்தான் மூணு வருஷம் கோர்ட்டு வாசல்ல கெடந்தாரு. இப்ப வித்தேன்னு எப்பிடிம்மா எழுதிக் குடுப்பாரு?"

"எனக்கு வேற கதியில்லம்மா."

"எனக்கு மட்டும் இருக்குதா?"

அஃப்ஸானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஹிதா சொம்பைக் கீழே வைத்தாள். "அவரு இருக்காரா? ஒரு வார்த்த அவரையே கேட்டுட்டுப் போயிடுறேன்."

குழாயடியில் துளசிராமன் ஈரத் துண்டோடு நின்றிருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம்தான். இரண்டு எட்டு வைத்தால் வாசல். அவன் நகரவில்லை.

"ஊட்ல இல்ல," என்றாள் கோவிந்தம்மா.

"எப்ப வருவாரு?"

"தெரியாது."

அவர்கள் எழுந்து போனார்கள். வெயிலில் அந்த அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்ததைக் கோவிந்தம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவள், துண்டோடு நின்ற புருஷனைத் தாண்டிப் போய், அடுப்பை மூட்டினாள்.

அந்த வருஷக் கடைசிக்குள் குடோன் சுவர் எழும்பிவிட்டது. மனையைச் சுற்றி மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் மழைத் தண்ணீர் போகிற கால்வாய். பொன்னேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன கோவிந்தம்மா, திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வராமல் அங்கே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் செருப்பில் சேறு இருந்ததை வைத்து எங்கே போயிருந்தாள் என்று துளசிராமனுக்குப் புரிந்தது. அவன் அந்தச் செருப்பை எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவி வைத்தான்.